ரிவால்வருக்குச் சந்தனம்

போன ஆயுத பூஜைக்கு என் மடிக்கணினிக்குச் சந்தனம் வைத்தேன். மூடியின் மேல் ஒரு பொட்டோடு நிறுத்தியிருந்தால் குடி முழுகியிருக்காது. பக்தி மிகுந்துபோய், திறந்து வைத்து, எழுத்துகளின் மேலேயே நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்தேன். எழுதிப் பிழைக்கிறவள் எழுத்துக்கு மரியாதை செய்ய வேண்டாமா. சில நாளில் நடு வரிசை எழுத்துகள் வேலைநிறுத்தம் செய்தன. குன்னூரில் பழுது பார்க்கும் கடைக்காரர் அடிப்பக்கத்தைக் கழற்றி, மஞ்சள் காரையைக் காகிதத்தில் தட்டிக் காட்டி, "மேடம், உள்ளுக்குள்ளயே கும்பாபிஷேகம் பண்ணியிருக்கீங்க" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து நானே சிரித்துவிடுவதுதான் என் தொழில்.

வீட்டுக்கு ஏறும் வழியில்தான் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எங்கள் குடும்பத்தில் சந்தனம் போகக் கூடாத இடத்துக்குப் போனது இது முதல் தடவை அல்ல. முதல் தடவை அது ஒரு ரிவால்வருக்குள் போனது. அதைச் சுத்தம் செய்ய ஒரு குடும்பமே தேவைப்பட்டது. அந்தக் குடும்பம் எங்களுடையது அல்ல.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அப்போது மலையில் மழை இப்போதைவிட ஒழுங்காக வந்தது, ஒழுங்காகப் போகவில்லை. கிளென்மார்கன் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா டீ மேக்கர். கொழுந்து எவ்வளவு வாடியது, எவ்வளவு புளித்தது, காய்ந்தது போதுமா என்பதையெல்லாம் ஃபாக்டரிக்குள் மூக்கால் தீர்மானிக்கிற வேலை. அந்த மூக்கின் மேல் அப்பாவுக்கு அபார நம்பிக்கை. கண்ணை அவ்வளவாகப் பயன்படுத்தியதில்லை.

முதலாளி கோயமுத்தூரில் இருந்தார். அந்த வருடம் பங்களா நாயைச் சிறுத்தை இழுத்துப் போனது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அதற்கு முன்பே பல நாய்கள் போயிருந்தன, அவை செய்தியாகவில்லை. பங்களா நாய் போனதும் முதலாளி ஒரு ரிவால்வரைத் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். உள்ளங்கை அளவை விடச் சற்றுப் பெரிய சாமான். அதைச் சிறுத்தைக்கு வலிக்கும்படி சுட வேண்டுமென்றால், முதலில் சிறுத்தையின் சம்மதத்தோடு அதன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஆனாலும் லைசென்ஸில் முதலாளியின் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரும் ஏறியது. அன்றிலிருந்து அப்பா வீட்டுக்குள் நடக்கும் நடை மாறியது. அம்மா, "செருப்புக் கடிக்குதுங்களா" என்று கேட்டாள்.

சுத்தம் செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்க முக்கில் கடை வைத்திருந்த ஹவில்தார் மாமா வந்தார். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்தவர். ஓய்வு பெற்று வெல்லிங்டனிலிருந்து நேராக எங்கள் பக்கம் வந்து பருப்பும் பீடியும் விற்றார். எடை போடும்போதும் முதுகு வளையாது. எங்கள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, பித்தளைக் கம்பி, அதன் நுனியில் திருகும் சின்னப் பித்தளைப் பிரஷ், வெள்ளை ஃபிளானல் துணிக் கீற்றுகள், மூக்கு நீண்ட எண்ணெய் டப்பா எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். இருமல் மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிறந்தது போன்ற ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவியது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

"மொதல்ல என்ன செய்யோணும்?" என்றார் மாமா.

"தொடைக்கோணும்," என்றார் அப்பா.

"குண்டு இருக்குதான்னு பாக்கோணும்."

அப்பா உருளையைப் பக்கவாட்டில் திறந்து பார்த்தார். "இல்லீங்க."

"இன்னொருக்காப் பாருங்க."

"இப்பத்தானுங்க பாத்தேன்."

"செத்தவன் அத்தனை பேரும் இப்பத்தான் பாத்தேன்னு சொல்றவன் கையாலதான் செத்திருக்கான். பாருங்க. பாத்துட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் வெரல உடுங்க. குண்டு இந்த ரூம்புலயே இருக்கப்படாது."

அப்பா குண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைச் சமையலறையில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வெடிக்குமுங்களா" என்றாள். "அடுப்புல போட்டா வெடிக்கும்" என்றார் மாமா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பல நாள் தாளிக்காத குழம்புதான்.

பாடம் நடந்தது. குழலுக்குள் பிரஷை மெதுவாக விட்டு முழுசாக வெளியே வந்தபின் திருப்ப வேண்டும். பாதியில் திருப்பினால் மயிர் மடங்கும். அப்புறம் துணிக் கீற்று, அது கறுப்பாக வந்தால் இன்னொன்று, வெள்ளையாக வெளியே வரும்வரை. உருளையின் ஒவ்வொரு ஓட்டைக்கும் அதே மரியாதை. உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கிற முடி அளவு சந்துக்குத் தனி மரியாதை. கடைசியாக எண்ணெய். அப்பா டப்பாவைக் கவிழ்த்தார். மாமா கையைப் பிடித்தார்.

"தோசையா சுடறீங்க? ரெண்டு சொட்டு. போட்டுட்டு அதையும் தொடச்சிருங்க."

"தொடைக்கறதுக்கு எதுக்குங்க போடறது?"

"தலைக்கு எண்ண வெச்சா வழிய உட்டுட்டா ஊட்ட உட்டுப் போறீங்க? அப்படித்தான்." பிறகு அழகான தோல் உறையைக் கையில் எடுத்து, அதை மேசையின் மறு கோடிக்குத் தள்ளினார். "இது இடுப்புல மாட்டறதுக்கு. இதுக்குள்ள வெச்சுப் பூட்டுனா இந்த ஊரு மழைக்குத் தோலு தண்ணியக் குடிச்சு இரும்புக்கு ஊட்டும். கடைசியா ஒண்ணு. இதுமேல எண்ணயும் துணியும் தவிர ஒண்ணும் படப்படாது. கை வேர்வை கூட."

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நன்றாகத் தலையாட்டுகிறவர்கள் அப்போது எனக்கு நல்ல மாணவர்களாகத் தெரிந்தார்கள். பிற்பாடு நானே ஆசிரியையாகச் சில வருடம் இருந்து அந்த நம்பிக்கையைத் தொலைத்தேன்.

ரிவால்வர் ஃபாக்டரி ஆபீஸ் பீரோவில் இருந்தது. சாவி அப்பாவிடம். ராத்திரிக் காவலுக்கு ஒரு வாட்சர். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பி வந்த குடும்பம். அவர் லைன் வீட்டை லயம் என்பார், முதலாளியைத் தொர என்பார். மெல்லிய ஆள், ஆனால் நெற்றி அகலம், அந்த அகலம் முழுக்க எந்நேரமும் சந்தனம். கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டதாம். அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு. என்னிடம் குடை இருந்தது, அவளிடம் இல்லை. ஒரு குடைக்குள் இரண்டு பேர் போனால் ஆளுக்கு ஒரு தோள் நனையும். எனக்கு இடது, அவளுக்கு வலது.

ஆயுத பூஜை வந்தது. தோட்டத்துக்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரோலர்களைக் கழுவி வாழைக்கன்று கட்டி, லாரிக்கு மாலை போட்டு, ஸ்பேனர், கொழுந்துக் கத்திரி, தராசு எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் பரப்புவார்கள். அந்த வருடம் அப்பா பீரோவைத் திறந்தார். ஆயுத பூஜையில் இதுவரை ஸ்பேனரைத்தான் கும்பிட்டிருந்தோம். உண்மையான ஆயுதம் ஒன்று கையில் இருக்கும்போது அதைப் பீரோவுக்குள் வைத்திருப்பது அப்பாவுக்கு நியாயமாகப் படவில்லை. யாருக்கும் காட்டக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். சாமி அந்தக் கணக்கில் வராது என்று அப்பா நினைத்திருக்க வேண்டும்.

தராசுக்கும் கத்திரிக்கும் நடுவே சிவப்புத் துணியில் ரிவால்வர் படுத்திருந்தது. கும்பல் முழுக்க எட்டிப் பார்த்தது. அப்பா சந்தனக் கிண்ணத்தில் பன்னீரை ஊற்றிக் குழைத்து, மோதிர விரலால் குழலில் ஒன்று, பிடியில் ஒன்று, உருளையில் சுற்றிவர ஒன்று என்று வைத்தார். சந்தனம் வழிந்தது. குங்குமம் வைத்தார். அதுவும் வழிந்தது. பக்கத்தில் நின்ற அம்மா அப்போது அப்பாவின் காதருகே என்னவோ சொன்னாள். மணிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அப்பா கையை உதறினார். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொண்டேன். வாட்சர் தட்டில் பொரிகடலை விநியோகித்தார். எல்லோரும் தின்றார்கள்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. மறுநாள் எடுத்தபோது சந்தனம் காய்ந்திருந்தது. சாமிக்கு வைத்ததை மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் திரவத்தால் கழுவுவதற்கு அப்பாவின் மனசு இடம் கொடுக்கவில்லை. மேலாக வேட்டித் தலைப்பால் ஒற்றி எடுத்தார். பொட்டோடேயே அழகாக இருக்கட்டும் என்று தோல் உறைக்குள் போட்டுப் பூட்டினார். வெளியே வடகிழக்கு மழை ஆரம்பித்தது.

தீபாவளி முடிந்து முதலாளி கோயமுத்தூர் நண்பர்களுடன் வந்தார். ஃபாக்டரிக்குப் பின்னால், கற்பூர மரங்களுக்குக் கீழே ஒரு வெட்டுக்கட்டை மேல் காலி பாட்டிலை வைக்கச் சொன்னார். விருந்தாளிகள் தலைக்கு மேல் வாட்சர் குடை பிடித்தார். சிறுத்தை தவிர மற்ற எல்லோரும் வந்திருந்தோம். முதலாளி உறையிலிருந்து எடுத்து, குண்டு போட உருளையைத் தள்ளினார். நகரவில்லை. கட்டை விரலால் அழுத்தினார். பல்லைக் கடித்து அழுத்தினார். விருந்தாளிகளில் ஒருவர், "பொறுங்க, பாட்டிலு பயந்து தானா உழுந்துரும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஹவில்தார் மாமாவை அழைத்து வந்தார்கள். அவர் வாங்கி, குழலைத் தரையைப் பார்க்கத் திருப்பி, பிரஷின் மரப்பிடியால் மெல்லத் தட்டித் தட்டி உருளையைத் திறந்தார். துருவும் மஞ்சளுமாக ஒரு பொருக்கு அவர் உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தார்.

"என்னுங்க அது?" என்றார் முதலாளி.

மாமா அப்பாவைப் பார்த்தார். நான் பார்த்தேன், அவர் பார்த்ததை. "சந்தனமுங்க," என்றார்.

அந்த இடத்தில் நெற்றியில் சந்தனத்தோடு இருந்தது ஒரே ஒருவர். முதலாளியின் கண் குடைக்கம்பி வழியாக ஏறி அங்கே போய் நின்றது.

"ராத்திரி காவல் நீதானப்பா?"

"ஆமாங்க தொர."

"பீரோவத் தொறந்து வெளையாடினியா?"

"நா கை வைக்கல்லங்க தொர. சாவி என்கிட்ட இல்ல. பூசையில வச்சிருந்திச்சிங்க. ஐயாதான் பொட்டு வச்சாரு. எல்லாரும் பாத்தாங்க."

முதலாளி அப்பாவிடம் திரும்பினார். "டீ மேக்கரே, பூஜைல வெச்சீங்களா?"

நீண்ட நேரமெல்லாம் ஆகவில்லை. கதைகளில் இந்த இடத்தில் காற்று நிற்கும், இலை அசையாது. இங்கே தூறல் பாட்டுக்குத் தூறியது. அப்பா, "இல்லீங்க," என்றார்.

முதலாளி மற்றவர்களைப் பார்த்தார். பொரிகடலை தின்ற வாய்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. ஹவில்தார் மாமா பொருக்கைக் கீழே தட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என் அப்பாவின் மகளாகத்தான் பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். வாட்சர் குடையைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். விருந்தாளிகள் நனையவில்லை.

அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வேலை போனால் லயத்து அறையும் போகும். அதுதான் தோட்டத்தின் வழக்கம். கையோடு ரிவால்வரை ஒழுங்காகச் சுத்தம் செய்து கோயமுத்தூருக்கே அனுப்பும்படி அப்பாவுக்கு உத்தரவு.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், அப்பா மேசையில் செய்தித்தாள் விரித்தார். வாட்சர் வாசலில் வந்து நின்றார். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். அம்மா உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஐயா, ஒரு சொல்லுதான். மறந்துட்டேன், இப்பத்தான் ஞாபகம் வந்திச்சின்னு சொல்லுங்க. தொர கோவிச்சிக்கிட மாட்டாரு."

அப்பா உருளையைத் திறந்து பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டார்.

"அங்கயிருந்து போன்னாங்க, வந்தோம். இப்ப இங்கயிருந்தும் போன்னா, எங்கங்க ஐயா போறது? மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

அப்பா பிரஷை முழுசாக வெளியே வந்தபின்தான் திருப்பினார். கீற்றுத் துணி கறுப்பாக வந்தது, மஞ்சளாக வந்தது, பிறகு துருச் சிவப்பாக வந்தது. அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். உருளைச் சந்துக்குள் தீக்குச்சியில் துணி சுற்றி விட்டு எடுத்தார். கைத்துப்பாக்கியைச் சுத்தம் செய்வது எப்படி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று கற்றதுதான். ஒரு படியும் தவறவில்லை. வாசலில் நிற்கிற ஆளைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றால் எவ்வளவு நுணுக்கமாக வேண்டுமானாலும் வேலை செய்ய முடியும்.

"ரெண்டு சொட்டு," என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போட்டார். துடைத்தார்.

அம்மா தீபாவளி முறுக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வாட்சருக்கு அதை மறுக்கத் தெரியவில்லை. சாக்குக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர் போனபின் அப்பா எண்ணெய்க் கையை என்னிடம் நீட்டி, "அம்மிணி, சோப்பு எடுத்தா," என்றார்.

சந்தை லாரியில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே அவர்கள் தேவர்சோலைப் பக்கம் போனார்கள். அங்கே சொந்தக்காரர்கள் இருந்ததாகக் கேள்வி. அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த நாளிலிருந்து முழுக் குடையும் எனக்கு. இரண்டு தோளும் நனையவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு வேலை போய்விடும் என்ற பயம் என்றுதான் வெகுநாள் நினைத்தேன். அந்த அளவுக்காவது அவரை மன்னித்து வைத்திருந்தேன். பிறகு கோயமுத்தூரில் முதலாளிக்கு இருந்த மில்லுக்கே ஒரு ஆயுத பூஜைக்குப் போக நேர்ந்தது. அங்கே லேத் மெஷினின் வயிற்றில் இதே போலச் சந்தனம் வழிந்துகொண்டிருந்தது. அப்பா "ஆமாங்க" என்று சொல்லியிருந்தால் முதலாளி வாய்விட்டுச் சிரித்திருப்பார். நண்பர்களும் சிரித்திருப்பார்கள். ரிவால்வருக்குப் பொட்டு வைத்த டீ மேக்கர் கதை கோயமுத்தூரில் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். அவ்வளவுதான். அப்பா பயந்தது அந்தச் சிரிப்புக்கு. ஒரு ஆளின் வேலையையும் வீட்டையும் கொடுத்து அதிலிருந்து தப்பித்தார். அந்தச் சிரிப்பை விற்றுத்தான் அவர் மகள் சோறு தின்கிறாள்.

கம்பியும் பிரஷும் டப்பாவும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. யாரும் கேட்கவில்லை. அப்பா அவற்றைக் கொண்டு தையல் மெஷின், டார்ச், கதவுக் கீல், என் சைக்கிள் செயின் எல்லாவற்றையும் சுத்தம் செய்தார். அந்த ஊரில் எங்கள் வீட்டுக் கதவு மாதிரி சத்தமில்லாமல் திறக்கும் கதவு வேறு இல்லை. ஓய்வு பெற்று அன்னூருக்குப் போனபின் ஒரு நாள் வங்கி வாசலில் காவலாளியின் இடுப்பு உறையைப் பார்த்து நின்றார். எதையோ சொல்லப் போகிறார் என்று நானும் நின்றேன். "தோலுக்குள்ள வெச்சா துருப்பிடிக்கும்," என்றார். அந்த விஷயத்தில் அப்பா கடைசிவரை சொன்னது அது ஒன்றுதான். சில வருடம் முன்பு இறந்துபோனார்.

மடிக்கணினி விவகாரத்துக்குப் பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்பது கடந்துவிட்டாள், காது மட்டும் கூர்மை. அவள் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பூஜையன்று மணிச் சத்தத்தில் அப்பா காதில் அவள் சொன்ன வாக்கியத்தை இத்தனை வருடமாக நானே எழுதி வைத்திருந்தேன். 'வேண்டாமுங்க, யாராச்சும் மாட்டிக்குவாங்க' என்பது போல. எங்கள் வீட்டில் ஒருத்தருக்காவது அது தப்பென்று பட்டிருக்கும் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கேட்காத வாக்கியம்.

வாட்சர் வாசலில் நின்றதை, முறுக்கை, லாரியை எல்லாம் கொஞ்சம் நடையழகோடே சொன்னேன். தொழில் புத்தி. அம்மா அவரைக்காயை உரித்துக்கொண்டே கேட்டாள். "பாவம்," என்றாள். "நல்ல மனுசன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் பூஜைல அப்பாகிட்ட என்னம்மா சொன்னே?"

யோசிக்கவே இல்லை. நேற்று நடந்தது போல முகம் சிவந்தது.

"கெட்டியாக் கொழைங்க, பன்னீரு ஊத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உங்கப்பன் எங்க கேட்டாரு."